அடிமை வரலாற்றை வகுப்புக்குக் கொண்டுபோன கதை

அடிமை முறை பற்றி வகுப்பில் தனியாக ஒரு பாடம் எடுக்கலாம் என்று நினைக்கிற ஆசிரியர் யாராவது இருந்தால், தொடங்குவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நான் திருகோணமலை நகரில் வரலாறு படிப்பிக்கிறேன். கடந்த வருடம் வேறு இரண்டு பாடசாலை ஆசிரியர்களோடு சேர்ந்து இந்தப் பாடத்தைச் செய்தோம். செய்தோம் என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். இடையில் கைக்காசு போனது, விளக்கம் சொல்ல அலுவலகப் படி ஏறியது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஏன் இந்த வேலை" என்று யோசித்தது எல்லாம் உண்டு. இதற்கு முன் இதைச் செய்த ஒருவரைத் தெரிந்திருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும்.

தொடக்கம் சாதாரணமானதுதான். பதினோராம் தரத்தில் அமெரிக்க சுதந்திரப் போர் போய்க்கொண்டிருந்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதரைச் சொந்தமாக வைத்திருந்தார் என்று சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பி, "டீச்சர், எங்கட நாட்டில அடிமை இருந்ததா?" என்று கேட்டான். கொழும்பில் கொம்பனித் தெருவை ஆங்கிலத்தில் அடிமைகளின் தீவு என்ற பொருளில்தான் அழைத்தார்கள், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் அடிமைகளை இரவில் அங்கேதான் அடைத்து வைத்தது என்றேன். அவன் விடவில்லை. "கொழும்பில சரி. எங்கட பக்கம்?" மணி அடித்துவிட்டது. பதில் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தமிழரே தமிழரை அடிமையாக வைத்திருந்தது வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக் கேட்டதுதான். அதை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

தனியே செய்ய வேண்டாம் என்று நினைத்து இரண்டு பேரைச் சேர்த்தேன். ஒருவர் கிண்ணியாவில் படிப்பிக்கிற சேர், முஸ்லிம், எனக்குப் பயிற்சிக் கல்லூரி நாட்களிலிருந்து பழக்கம். மற்றவர் பாலையூற்றுப் பக்கம் ஆங்கிலம் படிப்பிக்கிற மிஸ், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். அவருடைய அம்மம்மா வீட்டில் போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழி பேசினாராம். மூவரும் முதல் நாள் மிஸ் வீட்டு முன்விறாந்தையில் இருந்து பேசினோம். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் அரபு வணிகர்கள் ஆபிரிக்கக் கரையிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனதைப் பற்றிப் பெரிய பகுதி வேண்டும் என்றேன். சேர், "அதைவிட முக்கியம் வெள்ளைக்காரன் செய்தது, அத்திலாந்திக் கப்பல்தான் முதலில வரவேணும்" என்றார். மிஸ், "போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் எல்லாரும் திட்டித் தீர்த்தாச்சு, யாழ்ப்பாணத் தமிழற்ற வழக்கச் சட்டம் தேசவழமையில அடிமைகள் பற்றி ஒரு பகுதியே இருக்கே, அதைச் சொல்லுங்க" என்றார். மூவருமே நல்ல மனிதர்கள். ஆனாலும் மற்றவர் வீட்டு அடிமைகளைப் பற்றிப் பேசத்தான் மூவருக்கும் விருப்பம். இதை நான் எந்தப் பயிற்சியிலும் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் பல சமூக ஆசிரியர்களோடு சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே இது வரும், அதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

கடைசியில் மிஸ்தான் வழி சொன்னார். தன் சமூகத்தைப் பற்றிய பகுதியை அவரவரே எழுதுவது, மற்ற இருவரும் திருத்துவது. இந்த ஒரு முடிவுதான் எங்களைக் காப்பாற்றியது. பிற சமூகத்தைப் பற்றி நான் எழுதியிருந்தால் குற்றச்சாட்டாகத்தான் வந்திருக்கும். என் சமூகத்தைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. சேர் இந்து சமுத்திர வணிகத்தை எழுதினார். கிழக்காபிரிக்கக் கரைத் தீவான சன்சிபாரின் அடிமைச் சந்தை 1873 வரை நடந்ததையும், அதில் அரபு, இந்திய, ஐரோப்பிய முதல் எல்லாம் கலந்திருந்ததையும் மறைக்காமல் போட்டார். மிஸ் ஐரோப்பியர் பகுதி. அத்திலாந்திக்கில் சுமார் 1 கோடி 25 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டதும், அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை காணாமல் போனதும், ஒல்லாந்தர் நாகபட்டினம் போன்ற சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து பஞ்ச காலங்களில் ஆட்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியதும் அதில் வந்தன. பிரித்தானியர் காலத்தில் ஆபிரிக்கச் சிப்பாய்களைக் கொண்ட படைப்பிரிவு ஒன்று இங்கே இருந்தது, அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளத்துக்குக் கிட்ட சிறாம்பியடியில் மஞ்சா என்ற தங்கள் பாட்டைப் பாடி ஆடுகிறார்கள் என்பதையும் அவர் சேர்த்தார்.

என் பகுதி தேசவழமை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாண வழக்கங்களைத் தொகுத்தார், பன்னிரண்டு முதலியார்மார் (உள்ளூர்த் தலைமை அதிகாரிகள்) பார்த்துச் சரி என்றார்கள். காணி விற்பதற்கும் சீதனத்துக்கும் இன்றும் நீதிமன்றத்தில் பேசப்படுகிற அதே தொகுப்பில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. அடிமைகளாக நான்கு சாதிப் பெயர்கள் அதில் அப்படியே உண்டு. பிரித்தானியர் வந்து 1806இல் தேசவழமையை உறுதிப்படுத்தினார்கள். 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகளை விடுவிக்க எசமான்மார் பலர் சம்மதித்தார்கள். 1833ஆம் ஆண்டுப் பிரித்தானிய ஒழிப்புச் சட்டம் பெரிதாகப் பேசப்படும். அதில் இலங்கையை விலக்கி வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே சட்டப்படி முடிந்தது 1844இல், 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு. கரீபியன் தீவுகள் போன்ற இடங்களில் எசமான்மாருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தார்கள். அதற்கு வாங்கிய கடனைப் பிரித்தானியா கட்டி முடித்தது 2015இல்தான். அடிமையாக இருந்தவருக்கு அங்கேயும் சதம் இல்லை, இங்கேயும் காணித் துண்டு இல்லை. பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் கொதித்தார்கள்.

சரி, காசுக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் (காணி, குடும்பப் பதிவேடுகள்) மற்றப் பதிவேடுகளையும் நேரில் பார்த்துத் திருகோணமலைப் பெயர் ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று கொழும்புச் சுவடிகள் காப்பகத்துக்குப் போனேன். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று 14,000 ரூபா. அங்கிருந்தவர்கள் நன்றாகவே உதவினார்கள். ஆனால் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்க ஒல்லாந்த மொழி தெரிந்தால் மட்டும் போதாது, அந்த எழுத்துக்கே தனிப் பழக்கம் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. பழுப்பேறிய பக்கத்தில் வரிசையாகப் பெயர்கள் இருப்பது தெரிகிறது, ஒன்றைக்கூட உறுதியாக வாசிக்க முடியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்துநிற்கும்போது அழுகைதான் வந்தது. வகுப்புக்கு வேண்டியதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை. தேசவழமையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் இருக்கிறது, சட்டத்தரணி ஒருவரிடமே வாங்கிப் பார்க்கலாம். அத்திலாந்திக் கப்பல் பயணங்களின் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு கப்பலுக்கும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று வருகிறது. கணித பாட ஆசிரியரைக்கூட இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கைநூல். முப்பத்திரண்டு பக்கம், நூற்றிருபது பிரதி. போட்டோகொப்பி, மட்டை, பைண்டிங் சேர்த்து 36,000 ரூபா. சேரும் மிஸ்ஸும் தலா 5,000 தந்தார்கள், மிச்சம் என் சம்பளத்தில். பிள்ளைகளுக்குத் திருகோணமலைக் கோட்டையைச் சுற்றிக் காட்ட பஸ்ஸுக்கு 12,000 முற்பணம் கட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சேருக்கு இடமாற்றம் வந்தது. மிஸ்ஸின் அம்மா ஆஸ்பத்திரியில். இருவர் மேலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் கைநூல் கையில் வந்த கிழமை நான் தனிய நின்றேன். அந்தக் கிழமைதான் முறைப்பாடும் போனது: "வரலாற்று ஆசிரியை பிள்ளைகளுக்குச் சாதி படிப்பிக்கிறார்." யார் எழுதியது என்று எனக்குக் கடைசி வரை சொல்லவில்லை. கைநூலைக் கொடுக்க வேண்டாம், சுற்றுலாவை நிறுத்துங்கள், எழுத்தில் விளக்கம் தாருங்கள் என்று வந்தது. வாய்மொழியாகத் தலையாட்டிய மேலிடத்தவர் ஒருவர், தனக்கு எதுவும் தெரியாது என்றார். ஒரு தவணையில் பாதி அந்தக் கடிதங்களிலேயே போனது. பஸ்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவரைக் குறை சொல்லியும் என்ன செய்வது, அந்த நாளுக்கு வேறு ஓட்டத்தை விட்டிருப்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அனுமதி எழுத்தில் வேண்டும். ஒரு கடிதம் எழுதி, எந்தத் தரம், எந்தத் தேர்ச்சி மட்டம், எத்தனை பாடவேளை என்று குறித்து, பாடத் திட்டத்தின் பிரதியை இணைத்து அதிபரிடம் கொடுங்கள். உங்கள் பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். சேர்ந்து செய்கிற ஆசிரியர்கள் எல்லாரும் அதே கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். ஒருவர் இடமாற்றமாகிப் போனாலும் அவர் பெயர் கடிதத்தில் இருக்கும். கைநூலை பைண்ட் பண்ணவே வேண்டாம். தனித்தாள்களாகக் கோப்பில் போட்டால், ஒரு பக்கத்தில் பிரச்சினை வந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். வகுப்பில் இரண்டு பேருக்கு ஒன்று என்றால் அறுபது பிரதியே தாராளம்.

முறைப்பாடு எழுதியவர் வேறு, நேரில் வந்தவர் வேறு. ஒரு பின்னேரம் பாடசாலை முடிந்து கேற்றடியில் ஒரு அப்பா நின்றார். துறைமுகத்தில் வேலை, அந்த உடுப்போடேயே வந்திருந்தார். கைநூலின் பக்கம் ஒன்றைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. "டீச்சர், இதில எங்கட ஆக்கள்ர பேர் இருக்கு. என்ர மகள் இதை வகுப்பில சத்தமா வாசிக்கிறதா?" என்றார். நான் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று தொடங்கினேன். அவர் இடைமறித்து, "சட்டத்தில இருந்தா போடுங்க. நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா வைச்சிருந்த ஆக்கள் ஆர்? அவங்கட பேரையும் போடுங்கோவன்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நானும் அந்த வைச்சிருந்த ஆக்களின் பரம்பரைதான். அவர் தெரிந்துதான் சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிரவு அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். எசமான்மார் என்று பொத்தாம்பொதுவாக இருந்த இடத்தில், காணி யாரிடம் இருந்தது, ஒல்லாந்த நிர்வாகத்தில் பதவி யாரிடம் இருந்தது, அதனால் யார் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள் என்று வெள்ளாளர் என்ற பெயரோடே எழுதினேன். அடுத்த பக்கத்தில் 1844க்குப் பிறகு நடந்தவை: ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையில் தேத்தண்ணீர் கொடுத்த கடைகள், 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடக் கேட்டு நடந்த போராட்டம். பிள்ளைகளின் அப்பப்பா அம்மம்மா கண்ணால் கண்ட காலம் அது. அந்த அப்பாவிடம் திருத்திய பக்கத்தைக் காட்டினேன். ஆறுதலாக வாசித்து, எழுத்துப்பிழை ஒன்றைக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

சாதிப் பெயர் வருகிற மூலத்தைப் பிள்ளைகளைக் கொண்டு சத்தமாக வாசிக்க வைக்காதீர்கள். ஆசிரியர் வாசிக்கலாம், அல்லது எல்லாரும் மௌனமாக வாசிக்கலாம். யார் எந்த ஆக்கள் என்று வகுப்பில் ஒருவரையும் கேட்கக் கூடாது. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும், நமக்கு முன்னமே தெரியும். தெரியாது என்று நடிப்பதும் உதவாது. பாடத்துக்கு ஒரு கிழமை முன்னால் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் போகட்டும், கேள்வி இருந்தால் வரச் சொல்லி ஒரு நேரமும் குறித்துவிடுங்கள்.

விளக்கம் ஏற்கப்பட்டு, கையெழுத்துகள் வந்து, ஒருவழியாகப் பாடம் நடந்தது. சக ஆசிரியர் ஒருவர் நல்ல மனதோடுதான், பிள்ளைகளை வைத்து அடிமைச் சந்தையை நடித்துக் காட்டலாம், மனதில் பதியும் என்றார். கூடவே கூடாது. ஒரு பிள்ளையை மேசையில் ஏற்றி விலை கேட்டால் பதிவது வேறொன்று. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கப்பலின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். ஏறியவர், இறங்கியவர். இடையில் உள்ள வித்தியாசத்தை ஒரு பிள்ளை வந்து கழித்துப் பார்த்தாள். விடையை எழுதிவிட்டு சோக்கட்டியை வைக்காமல் அப்படியே நின்றாள்.

மிஸ்ஸின் பாடசாலையில் ஒரு சிக்கல். ஆபிரிக்கச் சிப்பாய்களின் படத்தைக் காட்டியதும் யாரோ ஒரு பையனைப் பார்த்து "காப்பிலி" என்று, ஆபிரிக்கரை இழிவாகச் சொல்லும் சொல்லால் அழைத்துச் சிரித்தார்கள். அவன் கொஞ்சம் கறுப்பு, சுருட்டை முடி, அவ்வளவுதான். மிஸ் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆபிரிக்க, போர்த்துக்கேய இசை கலந்த கபிரிஞ்ஞா தாளத்தை மேசையில் தட்டிக் காட்டி, கலியாண வீடுகளில் நீங்கள் ஆடுகிற பைலா எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். அதற்குப் பிறகு படத்தை முதலில் காட்டுவதை விட்டுவிட்டோம். பாட்டு, வேலை, குடும்பம் என்று ஆட்களைப் பற்றிச் சொன்ன பிறகுதான் படம்.

கிண்ணியாவில் சேர் எடுத்த வகுப்புக்கு நானும் போயிருந்தேன். இடமாற்றமாகியும் அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். கடைசியில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்கட உம்மா சவூதியில வீட்டு வேலை. பாஸ்போட்டை முதலாளி வாங்கி வைச்சிருக்காங்க. அதுவும் இதுவா?" வகுப்பில் பலருடைய உம்மாமார் வளைகுடாவில். சேர் அவசரப்படவில்லை. உங்கட உம்மா சம்பளத்துக்குப் போனவர், திரும்பி வரப்போகிறவர், அவர் யாருடைய சொத்துமில்லை என்று முதலில் சொன்னார். பாஸ்போட்டைப் பிடித்து வைப்பது பிழை, அதைச் சொல்ல இடம் இருக்கிறது என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதினார். இந்தக் கேள்வி எங்கள் மாவட்டத்தில் கட்டாயம் வரும். பதிலை முன்கூட்டியே மூவரும் பேசி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. "ஆமாம், அதுவும் அடிமைதான்" என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அன்றிரவு எப்படி நித்திரை கொள்வாள்? மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத் தொழிலாளரின் கடனைச் சீட்டில் எழுதிக் கட்டிவைத்த துண்டு முறை பற்றியும், அவர்களை ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணி பற்றியும் இதே மாதிரிக் கேள்வி வரும். துண்டு முறை 1921இல் ஒழிந்தது, கடன்கட்டு வேறு, உடைமை வேறு, ஆனால் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளையே விவாதிக்க விடலாம்.

கோட்டைச் சுற்றுலாவைப் பிறகு பஸ் இல்லாமல் நடந்தே செய்தோம். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் யாரும் போகலாம். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் பாதையை விட்டு விலகவும் படமெடுக்கவும் முன்கூட்டியே கேட்க வேண்டும். வழக்கமாக வாசலில் மீன் சின்னத்தையும் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படுகிற மன்னன் குளக்கோட்டனின் பெயர் சொல்லும் கல்வெட்டையும் காட்டி, போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள் என்று சொல்லி முடித்துவிடுவோம். இந்த முறை, அந்தக் கல்லை யார் சுமந்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். மான்களுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்த பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதன்முதலில் கேள்வி கேட்ட பையனோ அன்று டியூஷன் என்று வரவேயில்லை!

போட்ட காசு திரும்பவில்லை. பழைய கைநூலில் அந்த இரண்டு தாள்களைக் கிழித்துப் புதிதாய் ஒட்டி வைத்திருக்கிறேன், கேட்கிற ஆசிரியர்களுக்குப் போட்டோகொப்பிச் செலவுக்கு மட்டும் கொடுக்கிறேன். இப்போது கந்தளாயிலிருந்து ஒரு சிங்கள சேர் சேர்ந்திருக்கிறார். கண்டி இராச்சியத்தில் இருந்த அடிமைகளைப் பற்றிய பகுதியை அவர் எழுதுகிறார், எங்கள் பகுதிகளையும் சிங்களத்தில் ஆக்கப் போகிறார். அவர் எழுத்து முடிந்துவிட்டது. அவருடைய அதிபரின் கையெழுத்து இன்னும் வரவில்லை, அது வரும்வரை ஒரு தாளும் கொப்பிக் கடைக்குப் போகாது என்று சொல்லிவிட்டேன்.